கம்பியில்லாத் தந்திக் கம்பம்

"கம்பியில்லாத் தந்தி" என்பதைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கம்பியில்லாத தந்திக் கம்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நானும் சென்ற வருஷம் வரையில் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாகாணத்தில், என் பெண் குடியிருக்கும் ஊரில், அடுத்த வீட்டுக் கனவான் ஒருவருடைய நிலவறையில் அப்பேர்ப்பட்ட கம்பங்கள் 41-ஐக் கண்ணாரக் கண்டேன். கண்டதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. அவற்றில் 9 கம்பங்களை என் மனைவியின் புடவைத் தலைப்பு ஒரே வீச்சில் சாய்த்துவிட்டது. அதிலிருந்துதான் கதை ஆரம்பமாகிறது.

நிலவறையில் தந்திக் கம்பம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டில் வயது வந்தவர்கள், அதிலும் தலை நரைத்தவர்கள், வீட்டுக்குள் மாதிரி ரயில்பாதை அமைப்பதை ஒரு பெரிய கலையாகப் பயின்று வருகிறார்கள். குழந்தைகளின் ரயில் பொம்மை வேறு, இது வேறு. இதில் எல்லாம் கணக்கு. 'ஹெச்.ஓ.' என்று ஓர் அளவு உண்டு; அமெரிக்காவில் இதுவே மிகுந்த பழக்கத்தில் இருப்பது. இந்த அளவில் ஒவ்வொரு வஸ்துவும் அசலில் 87-ல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் பிளாட்பாரத்தில் நிற்பான். ஒரு மைல் தூரம் 60 அடியாகச் சுருங்கிவிடும்.

நம் கனவானுக்கு வயது 84. முப்பது வருஷமாக அவர் அந்த நிலவறையின் மூன்று சுவர்களையும் ஒட்டி, தம்முடைய கற்பனையில் பிறந்த ஒரு கிளை ரயில்பாதையை அமைத்திருந்தார். மலை, மரம், ஆற்றுப்பாலம், நிலக்கரிச் சுரங்கம், பண்ணை வீடு, சின்னஞ்சிறு ஸ்டேஷன் எல்லாம் இருந்தன. வருஷம் 1948, மாதம் அக்டோபர். அதனால் மரங்களின் இலைகளெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. நீராவி என்ஜின் ஒன்று நிலக்கரி வண்டிகளை இழுத்துக்கொண்டு அசல் என்ஜினைப் போலவே மூச்சுவிட்டுக்கொண்டு போயிற்று. பாதையோரத்தில் வரிசையாகத் தந்திக் கம்பங்கள் நின்றன. ஆனால் கம்பி மட்டும் இல்லை.

"கடைசி வேலையாக அதை வைத்திருந்தேன். இப்போதுதான் தொடங்கினேன்" என்றார் அவர். முதல் 9 கம்பங்களுக்குப் பரீட்சார்த்தமாகத் தையல் நூல் கட்டியிருந்தார். அதைக் குனிந்து பார்ப்பதற்காக என் மனைவி ஒரு பக்கம் திரும்பினாள். புடவைத் தலைப்பு நூலில் மாட்டிற்று. அவள் பதறித் தலைப்பை இழுத்தாள். ஒன்பது கம்பங்களும் ஒன்றன் பின் ஒன்றாகத் தலை சாய்ந்தன. இரண்டு கம்பங்கள் அடியோடு முறிந்தன.

எனக்கு வியர்த்துவிட்டது. அவரோ சிரித்தார். "பனிப்புயலில் இப்படித்தான் விழும். என் தகப்பனார் இருந்திருந்தால் இந்நேரம் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்" என்றார்.

அவருடைய தகப்பனார் ரயில்வேயில் தந்திக் கம்பி பழுது பார்க்கும் தொழிலாளி என்பது அப்போதுதான் தெரிந்தது. குளிர் காலத்தில் உறைமழை பெய்து, கம்பியின்மேல் பனிக்கட்டி கனமாகப் படிந்து, கம்பங்கள் வரிசையாக ஒடிந்து விழுமாம். அந்த நாட்களில் தகப்பனார் வீட்டைவிட்டுப் போனால் திரும்பிவர ஒரு வாரம் ஆகுமாம்.

தந்தியும் தண்டவாளமும்

தந்திக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதல்ல. ஸாமுவேல் மோர்ஸ் என்பவர் 1844-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். சுமார் 40 மைல் தூரமுள்ள அந்தக் கம்பி, ரயில்பாதையை ஒட்டியே போடப்பட்டது. முதலில் அவர் கம்பியைக் குழாய்க்குள் வைத்துப் பூமியில் புதைக்கத்தான் முயன்றார். மின்சாரம் கசிந்து வேலை கெட்டுப் போகவே, கம்பத்தில் ஏற்றினார். ஒரு தோல்வியின் பயனாகத் தந்திக் கம்பம் அமெரிக்காவின் மலை சமவெளியெல்லாம் பரவிற்று.

ரயில்காரர்கள் முதலில் இதை அவ்வளவாக நம்பவில்லை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு திசையிலும் வண்டிகள் வரும் காலம். எதிர் வண்டி வந்து சேரும் வரையில் இந்த வண்டி ஸ்டேஷனில் தவங்கிடக்க வேண்டியதுதான். 1851-ல் ஈரி ரயில்வேயின் மேலதிகாரி சார்லஸ் மைனட் அப்படி ஒரு வண்டியில் மாட்டிக்கொண்டார். 14 மைலுக்கு அப்பாலுள்ள கோஷன் ஸ்டேஷனுக்குத் தந்தியடித்து, "எதிர் வண்டியை அங்கேயே நிறுத்தி வையுங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டு, என்ஜின் டிரைவரைக் கிளம்பச் சொன்னார். கம்பியில் வந்த பேச்சை நம்பி உயிரைக் கொடுக்க டிரைவர் தயாராயில்லை. கடைசியில் மைனட்டே என்ஜினில் ஏறி வண்டியை ஓட்டிக்கொண்டு போனாராம். டிரைவரோ, மோதினாலும் தமக்கு அடிபடாதென்று வண்டியின் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாராம். வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு, தந்தியில்லாமல் ரயில் ஓடுவது என்பதே நினைக்க முடியாத காரியமாயிற்று.

ஆகவே, 1948-ம் வருஷத்து ரயில்பாதையைச் செய்து வைத்துவிட்டுத் தந்திக் கம்பியைப் போடாமல் விட்டால், கல்யாணப் பெண்ணுக்குச் சகல நகைகளையும் பூட்டிவிட்டுத் திருமாங்கல்யத்தை மறந்த கதையாகத்தான் முடியும்.

87-ல் ஒரு பங்கு

மறு நாள் காலை நானும் மனைவியும் கம்பம் நடுகிற கூலிகளாக அந்த நிலவறையில் ஆஜரானோம். "தலைப்பை என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். "நீங்கள் உங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள், போதும்" என்று சொல்லிவிட்டு, அவள் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கம்பம் நடுவதில் இவ்வளவு சாஸ்திரம் இருக்கிறதென்று நான் கனவிலும் எண்ணியதில்லை. அமெரிக்க ரயில்பாதைகளில் ஒரு மைலுக்கு 40 கம்பம் என்பது வழக்கமான கணக்கு. அதாவது கம்பத்துக்குக் கம்பம் 132 அடி. 87-ல் ஒரு பங்காக்கினால் சுமார் 18 அங்குலம். ஆனால் நம் கனவான் 12 அங்குலத்துக்கு ஒன்றாகத்தான் நட்டிருந்தார். காரணம் கேட்டேன். "இந்த மூன்று சுவரும் சேர்ந்து 42 அடிதான். அசல் கணக்கில் முக்கால் மைல்கூட இல்லை. அதற்குள் ஒரு மலையையும் ஆற்றையும் சுரங்கத்தையும் அடைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சுருக்கிவிட்டுக் கம்பத்தின் இடைவெளியை மட்டும் சுருக்காவிட்டால் பாதை இன்னும் குட்டையாகத் தெரியும்" என்றார். கண்ணுக்கு உண்மையாகப் படவேண்டுமானால் கணக்கில் சில சமயம் பொய் சொல்லத்தான் வேண்டும் போலும்!

உயரத்தில் மட்டும் பொய் கூடாதாம். 30 அடிக் கம்பமென்றால் 30 அடியும் வெளியே தெரியாது. கம்பத்தின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்குமேல் 2 அடியும் பூமிக்குள் போக வேண்டும் என்பது கம்பம் நடுகிறவர்களின் விதி. ஆகவே 30 அடிக் கம்பத்தில் 5 அடி புதைந்து 25 அடி வெளியே நிற்கும். மாதிரியில் அது மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கம்பத்தை அப்படியே நட்டுவிடுகிறவர்களின் பாதையில், கம்பங்கள் தென்னை மரம்போல் ஓங்கி நின்று, பக்கத்திலுள்ள வீடுகளைக் குடிசையாக்கி விடுகின்றன.

பிளாஸ்டிக்கை மரமாக்குவதற்கு ஒரு வழி உண்டு. ரம்பத்தின் பல்லால் கம்பத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் மரத்தின் ரேகைபோல் கீறல் விழும். அதன்மேல் சாம்பல் கலந்த பழுப்புச் சாயம். அடிப்பாகத்தில் மாத்திரம் கொஞ்சம் கருமை. மரம் உளுத்துப் போகாமலிருக்கப் பூசிய தார் எண்ணெய் வெயிலில் வெளுத்து, வேர்ப்பக்கத்தில் மட்டும் கறுப்பாய் நிற்கும் பாவனை அது. பென்ஸில்வேனியாவில் பழைய நாட்களில் செஸ்ட்நட் மரத்தைக் கம்பத்துக்கு மிகுதியும் உபயோகித்தார்கள். 1904-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய், அரை நூற்றாண்டுக்குள் அந்த மரத்தின் காடுகளையே அழித்துவிட்டது. காட்டில் மரம் செத்த பிறகும் பாதையோரத்தில் கம்பம் நின்றுகொண்டிருந்தது!

கம்பத்தின் குறுக்குக் கைகளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குறுக்குக் கையைக் கம்பத்தின் ஒரு முகத்தில் பொருத்துகிறார்கள் அல்லவா? எல்லாக் கம்பத்திலும் ஒரே பக்கமாகப் பொருத்துவதில்லை. முதல் கம்பத்தின் கையும் இரண்டாவதின் கையும் ஒன்றையொன்று பார்க்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டும். இப்படி மாற்றி மாற்றி வைத்தால், எங்கேயாவது கம்பி அறுந்து ஒரு பக்கமாக இழுத்தாலும் எல்லாக் கைகளும் பிய்ந்துகொண்டு வந்துவிடா. பாதை வளையும் இடத்திலே கம்பிகள் கம்பத்தை உட்புறமாக இழுக்கும். அதற்கு எதிராக வெளிப்புறத்தில் ஓர் இழுகம்பி கட்டிப் பூமியில் முளையடித்துவிடுவார்கள். "இழுகம்பி இல்லாத வளைவைப் பார்த்தால் என் தகப்பனாருக்குத் தூக்கம் வராது" என்றார் நம் கனவான். அந்த 41 கம்பங்களில் வளைவில் நின்ற ஒவ்வொன்றுக்கும் இழுகம்பி கட்டியிருந்தார்.

குறுக்குக் கையில் வரிசையாக இருக்கும் கண்ணாடிக் குமிழ்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மின்சாரம் மரத்தில் இறங்காமல் தடுப்பவை அவை. இந்தியானா மாகாணத்திலுள்ள மன்ஸி என்னும் ஊரில் ஹெமிங்ரே கம்பெனியார் இவற்றை ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். மணலில் கலந்துள்ள இரும்பின் காரணமாகக் கண்ணாடிக்குக் கடல் நீரின் நீலப்பச்சை நிறம் ஏற்பட்டது. மாதிரியில் குமிழ் கடுகளவுதான். அதற்கு முதலில் வெள்ளிச் சாயம் தொட்டு, அது உலர்ந்ததும் ஒளி ஊடுருவும் பச்சைச் சாயத்தை மேலே தொட்டால், விளக்கு வெளிச்சத்தில் அசல் கண்ணாடியைப் போலவே பளிச்சிடுகிறது. இந்த வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். அரிசி மணியில் பெயரெழுதுகிற பொறுமையுடன் 246 குமிழ்களுக்கும் சாயம் தொட்டு முடித்தாள்.

இதோடு மின்சாரக் கம்பம் என்று வேறொன்று இருக்கிறது. அதைத் தந்திக் கம்பத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. பண்ணை வீட்டுக்குப் போகும் கம்பத்தின் உச்சியில் மின்சாரக் கம்பி. அதற்குக் கீழே நல்ல இடைவெளி விட்டு டெலிபோன் கம்பி. நடுவில் சாம்பல் நிறத் தகரப் பீப்பாய் போன்ற ஒரு டிரான்ஸ்பார்மர். நம் கனவானின் பண்ணை வீட்டில் இவையெல்லாம் இருந்தன. "இதே பாதையை 1930-ல் அமைத்திருந்தால் இந்தக் கம்பத்தை வைத்திருக்க மாட்டேன்" என்றார். 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகத்தை ஏற்படுத்திய சமயத்தில், அமெரிக்காவில் பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. ஒரு கம்பத்தை வைப்பதா வேண்டாமா என்பதில் ஒரு தேசத்தின் சரித்திரமே அடங்கியிருக்கிறது!

நூலா, கம்பியா?

கம்பங்கள் மறுபடி நிமிர்ந்து நின்றன. இனிக் கம்பி இழுக்க வேண்டியதுதான் பாக்கி. இந்த இடத்தில்தான் மாதிரி ரயில்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

கம்பியே வேண்டாம் என்பது ஒரு கட்சி. அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அசல் தந்திக் கம்பியின் கனம் சுமார் 4 மில்லிமீட்டர். அதில் 87-ல் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பாகம். மனிதனின் தலைமயிரே அநேகமாக அதைவிடத் தடிமன். அவ்வளவு மெல்லிய இழையைக் கட்டி நிறுத்துவது லேசல்ல. கையாளக்கூடிய நூல் எதைக் கட்டினாலும், அளவுப்படி பார்த்தால் அது கம்பியல்ல, தாம்புக் கயிறு. தவிர, தூசி படிந்த தண்டவாளத்தைத் துடைக்கக் கையை நீட்டினால் கம்பி தடுக்கும். நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து பார்க்கிறவனுக்குக் கம்பி தெரியாது; கம்பம்தான் தெரியும். ஆகையால் கம்பம் மட்டும் போதும் என்கிறார்கள்.

மற்றக் கட்சியார், "கம்பத்தைக் கண்டதும் கண் கம்பியைத் தேடுகிறது. அது இல்லையென்றால் ஏதோ குறை என்று மனம் சொல்கிறது" என்கிறார்கள்.

தையல் நூல் உதவாது என்பதை நாங்கள் ஏற்கெனவே நிரூபித்துவிட்டோம். அதில் பஞ்சு பிசிர் நிற்கும். ஈரக் காற்றில் தொய்யும். மாட்டினால் கம்பத்தைச் சாய்க்கும். மீன் பிடிக்கும் நரம்போ சுருண்ட புத்தியை விடாது. இப்போது இதற்கென்றே ரப்பரைப்போல் நீண்டு கொடுக்கும் ஒருவகை மெல்லிய இழை விற்கிறார்கள். கை பட்டால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும், கம்பம் அசையாது. எங்களுக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

அதைக் கட்டும் முறை இது. இழையின் நுனியை முதல் கம்பத்தின் குமிழில் வைத்து, ஊசி முனையால் ஒரு துளி உடனடிப் பசையைத் தொட்டு, பத்து எண்ணும் வரையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த கம்பத்துக்கு இழுத்து அங்கே ஒரு துளி. நேராக நிற்கும் அளவுக்கு இழுத்தால் போதும். அதற்குமேல் இழுத்தால் பிளாஸ்டிக் கம்பம் வளைந்துவிடும். முதலில் தூரத்துக் கம்பி, பிறகு கிட்டத்துக் கம்பி. இல்லாவிட்டால் கட்டின கம்பிக்குள்ளேயே கை சிக்கிக்கொள்ளும். இழையின் நிறம் தனிக் கறுப்பாயிருந்தால் கண்ணில் குத்துகிறது. சாம்பல் நிறம் நல்லது. பாதை முடியும் சுவரண்டையில் கம்பி அந்தரத்தில் நிற்காமல், ஒரு மரத்தின் மறைவில் துவாரம் செய்து அதற்குள் விட்டுவிட வேண்டும்.

குறுக்குக் கையில் குமிழ் ஆறு இருந்தாலும் நாலு கம்பிதான் போட்டோம். கிளைப் பாதைக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. குமிழ் சும்மா இருப்பது அசலிலும் உள்ளதுதான். நாலு கம்பியென்றாலே 164 இடத்தில் பசை தொட வேண்டும். நம் கனவானுக்கு கை நடுங்கிற்று. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நாற்பது வருஷம் பூத்தொடுத்த விரல்கள்தான் கடைசியில் அந்தப் பாதைக்குக் கம்பி கட்டின. "உங்கள் மனைவியை என் தகப்பனார் உடனே வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பார்" என்றார் அவர்.

இதற்கிடையில் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. வருகிற வசந்தத்தில் அவர் வீட்டை விற்றுவிட்டுத் தம் பெண்ணோடு வசிக்கப் போகிறார். முப்பது வருஷ ரயில்பாதையை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது; பிரித்துத்தான் ஆகவேண்டும். என்னால் கேட்காமலிருக்க முடியவில்லை. "ஆறு மாதத்தில் பிரிக்கப் போகிற பாதைக்கு எதற்காக இவ்வளவு சிரமம்?" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. "கம்பம் நட்டாயிற்று, கம்பி போடவில்லை என்றால், வேலை முடியவில்லை என்று அர்த்தம். முடியாத வேலையை விட்டுவிட்டு என் தகப்பனார் வீட்டுக்கு வந்ததில்லை" என்றார்.

கடைசிக் கம்பம்

ஒரு மாலை, வேலைக்கு நடுவில் அவர் தம் சிறு வயதைப் பற்றிச் சொன்னார். தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்பாராம். 'ஹூம்' என்று ஒரு ஓசை வருமாம். தகப்பனார் எங்கேயோ தூரத்தில் வேலை செய்துகொண்டு தமக்குச் செய்தி அனுப்புகிறார் என்று நினைத்துக்கொள்வாராம். நான் திடுக்கிட்டுப் போனேன். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சிறு ரயில்வே ஸ்டேஷனுக்கருகில் நானும் அப்படிக் காது வைத்துக் கேட்டவன்தான். காற்று கம்பியைத் தடவிப் போகும்போது கம்பி அதிர்கிறது. அந்த அதிர்ச்சி கம்பத்தில் இறங்கி ஓசையாகிறது. தந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததனால் அந்த ஓசையின் மேலிருந்த பிரியம் குறைந்துவிடவில்லை.

நம் வீடுகளில் தந்தி என்றாலே வயிறு கலங்கும். தந்திச் சேவகன் தெருவில் நுழைந்தால், எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறானோ என்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அமெரிக்காவில் வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி 2006 ஜனவரியில் தந்தியை நிறுத்திற்று. நமது தேசத்தில் 2013 ஜூலையோடு அது முடிந்தது. ரயில்பாதை ஓரத்துக் கம்பிகளை அதற்கு முன்பே கழற்றத் தொடங்கிவிட்டார்கள். இப்போது நம் ரயில்பாதைகளில் தெரியும் கம்பமும் கம்பியும் பெரும்பாலும் மின்சார ரயிலுக்கு உரியவை.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சின்ன வயதில் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பிகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கம்பம் வந்ததும் 'வெடுக்'கென்று மேலே ஏறும். நேராக இழுத்துக் கட்டிய ரப்பர் இழையில் அது எப்படி நடக்கும்? அசல் கம்பியின் தொய்வு ஓர் அடிக்கும் குறைவுதான். மாதிரியில் அது 2, 3 மில்லிமீட்டர். ஆனால் இழைக்குத் தானாகத் தொய்யும் அளவுக்குக் கனமில்லை. என் ஆசையைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, பழைய மின்சார வயரிலிருந்து மெல்லிய செப்பு இழைகளை உருவினார். அட்டையில் வெட்டிய ஒரு வளைவின்மேல் அவற்றைப் படியவைத்து, ஸ்டேஷனுக்கு முன்னால், கை படாத மூன்று இடைவெளிகளில் மட்டும் அவற்றைக் கட்டச் சொன்னார்.

நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, நாற்பத்தோராவது கம்பத்திலிருந்து ஸ்டேஷனின் ஜன்னலுக்குக் கம்பி இறங்கிற்று. அந்த ஜன்னலுக்குள் தந்தி குமாஸ்தா ஒருவர் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாகக் காத்திருந்தவருக்கு அன்றுதான் கம்பி வந்து சேர்ந்தது. ஒரு சாமான் வண்டியின் மேல் என் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்தோம். விளக்கை அணைத்துவிட்டு மூவருமாகப் பார்த்தோம். மலை போயிற்று, ஆறு போயிற்று. ஸ்டேஷனை நெருங்குகையில் கம்பிகள் மெல்லக் கீழே இறங்கின. கம்பம் வந்ததும் 'வெடுக்'கென்று மேலே ஏறின. மூன்று தடவை. அவ்வளவுதான். அவர் அதை மறுபடி போடச் சொன்னார். பதினோரு தடவை போட்டோம்.

வசந்தத்தில் செய்தி வந்தது. பாதையைப் பிரித்தாகிவிட்டதாம். ஸ்டேஷனும், அதற்கு முன்னாலுள்ள நாலு கம்பங்களும், மூன்று தொய்ந்த இடைவெளிகளும் உள்ள பலகையை மட்டும் அறுத்தெடுத்துத் தம்மோடு கொண்டுபோயிருக்கிறாராம். ஒரு கம்பிகூட அறவில்லையாம். என் மனைவியிடம் அதை விசேஷமாகத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

செய்தி என் கைப்பேசிக்குக் கம்பியில்லாமல்தான் வந்தது.